ஐப்பசியில் ஒருமுறை வந்து பார்

அன்புள்ள குமரனுக்கு,

நாங்கள் நலம். அப்பாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது, மாத்திரை போடச் சொன்னால் வெயில் போனால் சரியாகிவிடும் என்கிறார். வேலூரில் வெயில் எப்போது போகிறது, இப்போதுதான் கத்திரியே ஆரம்பித்திருக்கிறது. வாட்ஸ்அப்பில் நான் போடுவதற்கெல்லாம் நீல டிக் வருகிறது, பதில் வருவதில்லை. அதனால்தான் சேர்த்து உட்கார்ந்து எழுதுகிறேன், நேரம் கிடைக்கும்போது முழுசாகப் படி.

எழுதக் காரணம் குட்டிதான். போனில் அவள் பாடத்தில் வந்த நீர்ச் சுழற்சிப் படத்தைப் பற்றிச் சொன்னாள். கடல், ஆவி, மேகம், மழை, ஆறு, மறுபடி கடல். சொல்லிவிட்டு, “ஆயா, உங்க ஊரு ஆத்துல தண்ணியே இல்லையே, அப்ப படம் தப்பா?” என்றாள். எத்தனையோ வருஷம் அந்தப் படத்தைக் கரும்பலகையில் போட்டவள் நான், ஒரு பிள்ளையும் இப்படிக் கேட்டதில்லை. உன் பிள்ளை கேட்கிறாள். நீயும் சின்ன வயசில் அப்படித்தான் துளைத்தெடுப்பாய், இப்போதுதான் யாரையும் எதையும் கேட்காமல் முடிவு பண்ணுகிறாய். சரி, அதை விடு.

அவளிடம் சொல், படம் தப்பில்லை. ஆனால் அது தண்ணீர் ஓடுவதை மட்டும்தான் காட்டுகிறது, எங்கே எவ்வளவு காலம் தங்குகிறது என்பதைக் காட்டுவதில்லை. பூமியில் உள்ள தண்ணீரில் 97 சதவீதம் கடலில் உப்பாகக் கிடக்கிறது. மீதியுள்ள நல்ல தண்ணீரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பனியாக உறைந்திருக்கிறது, ஏறக்குறைய 30 சதவீதம் மண்ணுக்கும் பாறைக்கும் அடியில். நாம் கண்ணால் பார்க்கிற ஆறு, ஏரி எல்லாவற்றையும் கூட்டினாலும் நல்ல தண்ணீரில் ஒரு சதவீதம்கூடத் தேறாது. காற்றில் ஆவியாக இருப்பது அதைவிடவும் குறைவு, மொத்தமும் ஒரே நாளில் பூமி முழுக்கச் சமமாக இறங்கினால் சுமார் 25 மில்லிமீட்டர்தான். அதை வைத்துக்கொண்டு இத்தனை மழை எப்படி என்றால், மேலே போனது சராசரியாக ஒன்பது நாள்தான் நிற்கும், இறங்கிவிடும், அடுத்தது ஏறும். அதே தண்ணீர் ஆழத்தில் பாறைக்குள் போய்விட்டால் நூறு வருஷம், சில இடத்தில் ஆயிரக்கணக்கான வருஷம் அசையாமல் கிடக்கும்.

பாலாறும் அப்படித்தான். நந்தி மலைப் பக்கம் பிறந்து, கோலார் ஏரிகளையெல்லாம் தாண்டி நம்மிடம் வருவதற்குள் மேலே மணல்தான் மிஞ்சுகிறது. ஆனால் மணலுக்கு அடியில் தண்ணீர் மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கும். உன் தாத்தா காலத்தில் மழைக்காலம் முடிந்ததும் ஊரே திரண்டு போய் ஆற்றுக்குள் ஊற்றுக்கால்வாய் வெட்டும், மேலே சொட்டுத் தண்ணீர் தெரியாத ஆற்றிலிருந்து நம் கழனிக்குத் தண்ணீர் நடந்து வரும். மணலை அள்ளி அள்ளி இப்போது அதுவும் போயிற்று. ஆற்றை விட்டுத் தள்ளி வந்தால் நம் பக்கம் கருங்கல், அதற்குள் வெடிப்பு இருக்கிற இடத்தில் மட்டும்தான் தண்ணீர். அதனால்தான் பெரியப்பா போட்ட போர்வெல்லில் புகையும் அப்பா போட்டதில் தண்ணீரும் வந்தது, அதை வைத்து அவர்கள் எத்தனை வருஷம் பேசாமல் இருந்தார்கள் என்று உனக்குத் தெரியும். இந்த வீட்டு ஆண்களுக்குப் பேசாமல் இருப்பது சுலபமாக வருகிறது.

மனை விஷயம் எனக்குத் தெரியும். யார் சொன்னது என்று கேட்காதே, அவருக்கு வாயில் எதுவும் நிற்காது. காட்பாடிப் பக்கம் நீ வீடு கட்ட நினைத்ததே எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா, பக்கத்து வீட்டில் சொல்லிக்கூட விட்டேன். சென்னையில் சம்பாதிக்கிற பிள்ளைகள் ஊரை நினைப்பதே அபூர்வம். ஆனால் அந்த இடத்தை நீ பங்குனியில் வந்து பார்த்திருக்கிறாய். பங்குனியில் எந்த இடமும் மேடாகத்தான் தெரியும்.

அது இரண்டு ஏரிக்கு நடுவில் இருக்கிறது. மேல் ஏரி நிரம்பிக் கோடி போனால், கலங்கல் வழியாக வழிகிற மிச்சத் தண்ணீர் கீழ் ஏரிக்குப் போக வேண்டும், போகிற வழி அதுதான். இப்போது வாய்க்காலைத் தூர்த்து, தார் ரோடு போட்டு, தென்னங்கன்றும் நட்டிருக்கிறார்கள், பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. நம் ஜில்லாவில் ஏரிகள் எல்லாம் இப்படி ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஊற்றிக்கொள்கிற மாதிரிதான் வெட்டியிருக்கிறார்கள், மழையைப் பிடித்து வைக்கத் தெரிந்தவர்கள் மிச்சம் போகவும் வழி விட்டுத்தான் வைத்தார்கள். பத்து வருஷம் ஏரி நிரம்பாமல் இருக்கலாம், பதினோராவது வருஷம் நிரம்பும். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டுப் போனது நினைவிருக்கிறதா, நீ வீடியோ கால் போட்டுக் காட்டச் சொன்னாய். அடுத்த மாதமே திருவலத்துப் பக்கம் பொன்னை ஆற்றுப் பாலத்தில் விரிசல் விட்டு, ரயில் நின்று, நீ பஸ்ஸில் வந்தாய். 1903-இல் வாணியம்பாடிக்குள் பாலாறு புகுந்ததை என் ஆயா நேற்று நடந்தது போலச் சொல்வாள், அவள் பிறந்ததே அதற்கு அப்புறம்தான்.

வில்லங்கச் சான்றிதழ் சுத்தமாக இருக்கிறது என்று நீ சொல்வாய். அதில் யார் யாருக்கு விற்றார்கள், எதை அடமானம் வைத்தார்கள் என்பதுதான் வரும், தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்று வராது. கிராம வரைபடத்தைப் பார், அந்த மனையின் அளவைக் காட்டுகிற புலப்படம் வாங்கு, எந்த நிலம் என்ன வகை என்று எழுதி வைத்திருக்கிற அ-பதிவேட்டில் அந்தச் சர்வே எண்ணும் அதை ஒட்டிய எண்களும் ஓடை, வாய்க்கால், ஏரிப் புறம்போக்கு என்று எங்காவது இருக்கிறதா பார். இதையெல்லாம் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை, ஐப்பசியில் நல்ல மழை பெய்த மறுநாள் ஒருமுறை வந்து அந்த இடத்தில் நின்று பார். அங்கே ஆடு மேய்க்கிற கிழவரைக் கேட்டால் போதும், தண்ணீர் எங்கே ஏறி எங்கே இறங்கும் என்று கோலாலேயே காட்டுவார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஐப்பசி வரைக்கும் பொறு என்கிறேன், அவ்வளவுதான். மனை எங்கேயும் ஓடிப்போகாது.

அப்பா உன்னிடம் கேட்க மாட்டார். வேண்டாம் என்று சொன்னால் நீ இங்கே வரும் எண்ணத்தையே விட்டுவிடுவாயோ என்று அவருக்குப் பயம், அதைக் கோபம் மாதிரி வைத்துக்கொண்டு சுற்றுகிறார். எனக்கும் அதே பயம்தான். நம் தோட்டத்தில் மேட்டுப் பக்கம் புளியமரத்துக்கு இந்தாண்டை பத்து சென்ட் சும்மா கிடக்கிறது, ஒரு வார்த்தை நீ கேட்டிருந்தால் அப்பா அன்றைக்கே அளந்து கொடுத்திருப்பார். கேட்க உனக்கு என்ன கஷ்டமோ. கௌரவம் பார்க்கிற இடமா இது.

குட்டிக்கு மாங்காய் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறேன், காரம் குறைச்சல். மருமகளைக் கேட்டதாகச் சொல், தலைவலி எப்படி இருக்கிறது? நீ ராத்திரி லேட்டாகச் சாப்பிடாதே.

அந்த ஆளுக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்றா, இல்லையா? வேறு எதற்கும் பதில் போடாவிட்டால் போகிறது, இதற்கு மட்டும் போடு. கொடுத்திருந்தால் எவ்வளவு என்றும் சொல், அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அம்மா