தயாரிப்பாளர் கண்ணதாசன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கவிஞர் கண்ணதாசனைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் பாடல்களோடு நின்றுவிடுகிறார்கள். 'மாலையிட்ட மங்கை'யைத் (1958) தயாரித்தவர், மறு ஆண்டே மருது சகோதரர்களின் கதையைக் கறுப்பு வெள்ளையில் 'சிவகங்கைச் சீமை'யாக எடுத்து, வண்ணத்தில் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்ம'னோடு மோதிய துணிச்சலையும், 'கவலை இல்லாத மனிதன்' (1960) என்று பெயர் வைத்த படமே அவருக்குக் கவலையைக் கொண்டுவந்த வேடிக்கையையும் யாரும் விரித்துரைப்பதில்லை.

1980இல் அவருக்குச் சாகித்திய அகாதெமி விருது பெற்றுத் தந்ததும் கவிதை அன்று, 'சேரமான் காதலி' என்ற சரித்திர நாவல்தான். சரித்திரப் படத்தில் கையைச் சுட்டுக்கொண்டவர், செட்டுச் செலவில்லாமல் தாளிலேயே அரண்மனை கட்டிக்கொண்டார் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அவருடைய தயாரிப்பாளர் வாழ்க்கையைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு தொடர் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், காரைக்குடி