அறிவியல் வகுப்புக்குப் பல்லாங்குழி எதற்கு? பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

போன வாரம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் அப்பா ஒருவர் பள்ளிக்கு வந்தார். விடியுமுன் மல்லிகை மொட்டு பறித்து உசிலம்பட்டிப் பூ மார்க்கெட்டுக்கு அனுப்பிவிட்டு, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக வந்திருந்தார். "டீச்சர், காலாண்டுப் பரிட்சை வருது. பிள்ளை என்னடான்னா அப்பத்தாவோட பல்லாங்குழியைத் தூக்கிட்டுப் பள்ளிக்கூடம் வருது. கேட்டா சயின்ஸ் பாடம்ங்குது. நெசந்தானா?" என்றார். உட்காரவைத்துப் பேசினேன். இதே கேள்வி உங்களில் பலருக்கும் இருக்கும், அதனால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

நிஜம்தான். பல்லாங்குழி கொண்டுவரச் சொன்னது நாங்கள்தான்.

நானும் வேதியியல் ஆசிரியையாகத்தான் வேலைக்குச் சேர்ந்தேன். 'சோடியம் ஓர் எலக்ட்ரானை இழக்கிறது, குளோரின் அதை ஏற்கிறது' என்று கரும்பலகையில் எழுதிப்போடுவேன். பிள்ளைகள் எழுத்து மாறாமல் எழுதிக்கொள்வார்கள். பரிட்சையில் மார்க்கும் வாங்குவார்கள். ஆனால் "ஏன் ஒன்றை மட்டும் இழக்கிறது, இரண்டை இழந்தால் என்ன?" என்று கேட்டுவிட்டால் வகுப்பே தலையைக் குனிந்துகொள்ளும். வருஷக்கணக்காக அப்படித்தான் நடந்தது. அது என்னை உறுத்தாத நாள் இல்லை.

இப்போது நம் அறிவியல் ஆசிரியை செய்வது இதுதான். பல்லாங்குழியில் இந்தப் பக்கம் ஏழு குழி, எதிர்ப்பக்கம் ஏழு குழி. ஆளுக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு ஓர் அணு. புளியங்கொட்டைதான் எலக்ட்ரான், குழிகள் அது இருக்கும் அடுக்குகள். முதல் குழியில் 2 புளியங்கொட்டைக்கு மேல் போடக்கூடாது. இரண்டாவதில் 8, மூன்றாவதிலும் 8, மிச்சமிருந்தால் நான்காவதுக்குப் போகும். சோடியத்துக்கு 11 கொட்டை, அதனால் 2, 8, 1. குளோரினுக்கு 17, அதாவது 2, 8, 7. கொடுத்தோ வாங்கியோ கடைசிக் குழி நிறைந்து நிற்க வேண்டும். சோடியம் வைத்திருப்பவள் ஏழு கொட்டை வாங்க அலைவாளா, கையிலிருக்கும் ஒன்றைத் தள்ளிவிடுவாளா? எதிரே ஒன்றுக்காகக் காத்திருக்கிறது குளோரின். ஒரு கொட்டை கை மாறியது, சோடியம் குளோரைடு வந்துவிட்டது. நம் சமையலறை உப்பு.

அடுத்த ஆட்டத்தில் ஒரு பெண்ணுக்கு மக்னீசியம் வந்தது. 12 கொட்டை: 2, 8, 2. எதிரே இருந்தவளிடம் குளோரின். ஒரு கொட்டையைக் கொடுத்துவிட்டு, மீதி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் திரும்பி, "டீச்சர், என்கிட்ட ரெண்டு இருக்கு, இவளுக்கு ஒண்ணு போதுமாம். இன்னொரு குளோரினைக் கூப்பிட்டுக்கவா?" என்று கேட்டாள். மக்னீசியம் குளோரைடில் குளோரின் ஏன் இரண்டு என்று அதுவரை யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. அவளாகவே கண்டுபிடித்தாள். நான் வகுப்பு வாசலில்தான் நின்றிருந்தேன். இத்தனை வருஷத்தில் நான் கரும்பலகையில் எழுதிப்போட்ட எதுவும் இவ்வளவு நன்றாக ஒரு பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்ததாக எனக்கு நினைவில்லை.

கால்சியம் வரை, முதல் 20 தனிமங்களுக்கு இந்தக் கணக்கு சரியாக வரும். அதற்கு மேல் வராது. எலக்ட்ரான் என்பது புளியங்கொட்டை மாதிரி குழிக்குள் உட்கார்ந்திருப்பதும் இல்லை. இதையும் பிள்ளைகளிடம் சொல்லித்தான் விளையாடவிடுகிறோம்.

ஏழாம் வகுப்பில் ஆரத்தித் தட்டு வந்தது. மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கும் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். சுண்ணாம்பு ஒரு காரம், அதாவது அமிலத்துக்கு எதிரானது. காரம் பட்டால் மஞ்சளிலுள்ள குர்குமின் நிறம் மாறுகிறது. சட்டையிலிருக்கும் குழம்புக் கறை சோப்பு போட்டதும் சிவப்பதும் இதனால்தான். ஒரு பையன், "அதுலயே எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சா?" என்றான். பிழிந்து பார்க்கச் சொன்னோம். சொட்டுச் சொட்டாக விடவிட, தண்ணீர் திரும்பவும் மஞ்சளாகிவிட்டது. இப்போது மஞ்சளில் நனைத்து நிழலில் காயவைத்த தாளை வைத்துக்கொண்டு சோப்பு, சாம்பல் தண்ணீர் என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கிறார்கள். மோருக்கும் புளிக்கரைசலுக்கும் மஞ்சள் தாள் அசைந்து கொடுக்காது. அதற்குச் செம்பருத்திச் சாறு வேண்டும், அமிலம் பட்டால் அது ரோஸ் நிறமாகும். பூப் பறித்துவர இரண்டு பேர் முன்வந்திருக்கிறார்கள்.

பத்தாம் வகுப்புப் பையன்கள் ஊசி மருந்து போடும் சிரிஞ்சுகளை ரப்பர் குழாயால் இணைத்து, அட்டையில் ஜே.சி.பி. செய்திருக்கிறார்கள். 5 மி.லி. சிரிஞ்சை அமுக்கினால் 20 மி.லி. சிரிஞ்சு கொஞ்சமாகத்தான் நகரும், ஆனால் கூடுதல் பலத்தோடு தூக்கும். அழகர் ஆற்றில் இறங்கும்போது தோல் பையை அமுக்கித் தண்ணீர் பீய்ச்சுவார்களே, அந்தப் பைக்குள் நடப்பதும் இதே அழுத்தம்தான் என்று அவர்களே சொன்னார்கள்.

"இதெல்லாம் சரி டீச்சர், மார்க்கு?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். பத்தாம் வகுப்பு அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25. செய்முறையைக் கடைசி நேரத்தில் அவசர அவசரமாகப் பழக்கினால் கை நடுங்கும். எழுத்துத் தேர்விலும் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் மனப்பாடம் கைவிட்டுவிடும். ஆறு முதல் எட்டு வரைக்கும் 2022 முதல் அரசின் வானவில் மன்றம் என்ற அறிவியல் திட்டம் வழியாகச் சோதனைகள் வருகின்றன. ஒன்பது, பத்துக்கு நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். நோட்டில் எழுதுவது நின்றுவிடவில்லை. விளையாடி முடித்ததும் என்ன செய்தோம், என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று சொந்த வாக்கியத்தில் எழுதச் சொல்கிறோம். அந்த நோட்டில் பக்கம் குறைவாகத்தான் இருக்கும். அதற்காகப் பிள்ளையைத் திட்டாதீர்கள்.

உங்களிடம் சில பொருள்கள் கேட்கிறேன். காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம், சிரிஞ்சுகளைப் பள்ளியே மருந்துக்கடையில் புதிதாக ஊசியில்லாமல் வாங்கிக்கொள்ளும். பழைய கல்யாணப் பத்திரிகைகள் நிறைய வேண்டும், தனிமங்களின் பெயர் எழுதிச் சீட்டு செய்யப்போகிறோம். சாமி படம் உள்ள பக்கத்தை வீட்டிலேயே எடுத்து வைத்துக்கொண்டு மீதியை அனுப்புங்கள். சைக்கிள் கடை வைத்திருப்பவர்கள் வீணாகும் வால்வு டியூப் துண்டுகளைத் தந்தால் போதும். அவற்றில் தீக்குச்சியைச் செருகி மூலக்கூறு வடிவங்கள் செய்வோம். தூக்கி எறியும் பொருளிலிருந்து அறிவியல் பொம்மைகள் செய்யும் அரவிந்த் குப்தா பிரபலப்படுத்திய வழி அது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். உடைந்த டியூப்லைட், சி.எஃப்.எல். பல்பு எதையும் கொடுத்தனுப்பாதீர்கள், உள்ளே பாதரசம் இருக்கிறது. பாத்ரூம் கழுவும் ஆசிட் வேண்டவே வேண்டாம். வீட்டில் பிள்ளைகள் செய்து பார்த்தால் 1.5 வோல்ட் டார்ச் செல்லோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், பிளக் பக்கம் கை போகக்கூடாது.

இந்த ஆகஸ்ட் மாதம் 27ஆம் தேதியை ஒட்டி, நம் மதுரைப் பக்கம் சூரியன் நேர் உச்சிக்கு வரும். வானம் தெளிந்திருந்தால் பன்னிரண்டே கால் மணியைத் தாண்டியதும் செங்குத்தாக நிற்கும் கம்பின் நிழல் காணாமல் போகும். மைதானத்தில் கம்பு நட்டு முன்னும் பின்னும் இரண்டிரண்டு நாள் அளக்கப்போகிறோம். வேலை இடையில் வரமுடிந்தவர்கள் வந்து பாருங்கள். நிழலைத்தான் பார்க்க வேண்டும், சூரியனை யாரும் நேராகப் பார்க்கக்கூடாது.

வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பெற்றோர் கூட்டம். பேச்சைக் குறைத்துக்கொண்டு உங்களையும் பல்லாங்குழி முன் உட்காரவைக்கப் போகிறோம். முதலில் சொன்னேனே, அந்த அப்பா ஒரு படி மொட்டு கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். பாதியை ஐஸ் பெட்டியிலும் பாதியை வெளியிலும் வைத்து, எது எத்தனை மணிக்கு விரிகிறது என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் குறிப்பார்கள். மொட்டை ஏன் விடியுமுன் பறிக்கிறோம் என்பதை அவரே சொல்லித்தருவார்.

பல்லாங்குழிக்கு அடியில் பிள்ளையின் பெயரையும் வகுப்பையும் எழுதி அனுப்புங்கள். பத்திரமாகத் திருப்பித் தந்துவிடுகிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்