யாருக்கு என்று கேட்காத ஊழியம்: நெல்லைச் சீமை வாலிபர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புத் தம்பி தங்கையரே,

பாளையங்கோட்டை தொடங்கி இடையன்குடி வரை நீங்கள் எந்தச் சேகரத்தில் (பல சபைகள் சேர்ந்த திருச்சபைப் பிரிவில்) இருந்தாலும் சரி, உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் ஊர் மக்களை ஓட்டுப் போட வைக்கிற வேலையை ஊழியமாக எடுத்துச் செய்யுங்கள். யாருக்குப் போட வேண்டும் என்று ஒரு வார்த்தைகூடப் பேசாமல்.

சபைக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்பார்கள். வேதாகமத்தில், சிறைப்பட்டுப்போன ஜனத்துக்கு எரேமியா தீர்க்கதரிசி மடல் எழுதியபோது, அவர்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடத்தான் சொன்னார். நம் ஊரின் சமாதானம் குழாய்த் தண்ணீரிலும் தெருவிளக்கிலும் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற பாதையிலும் இருக்கிறது. அவையெல்லாம் ஊராட்சியின் பொறுப்பு. 2016 அக்டோபரில் பழைய ஊராட்சிகளின் காலம் முடிந்தது. நம் மாவட்டத்தில் 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில்தான் மறுபடி ஊராட்சித் தேர்தல் நடந்தது. இடைப்பட்ட ஐந்து வருஷமும் தனி அலுவலர் நிர்வாகம். குழாய் உடைந்தால் போய் நிற்பதற்கு ஊருக்குள் ஒரு வீட்டு வாசல் இல்லாமல் இருந்தோமே, மறந்திருக்க மாட்டீர்கள்.

ஓட்டுப் போட வராதவர்களைச் சோம்பேறிகள் என்று நினைக்காதீர்கள். பாப்பாக்குடிப் பக்கம் பீடி சுற்றுகிற அக்கா ஒருவர், மடியில் இருந்த சுளகை இறக்காமலே, "வரிசையில போயி நின்னா இன்னைக்குக் கணக்கு குறைஞ்சிரும் தம்பி" என்றார். அந்தக் கூலியை நாம் கொடுக்க முடியாது, கொடுக்கவும் கூடாது. ஆனால் கூட்டம் குறைகிற நேரம் பார்த்து வந்து சொல்லலாம். அவர் போய்த் திரும்பும்வரை கைப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளலாம்.

ஊராட்சித் தேர்தலில் தருகிற நாலு வாக்குச்சீட்டு வயதானவர்களுக்குப் பெரிய குழப்பம். வார்டு உறுப்பினருக்கு வெள்ளை அல்லது நீலம், தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். தலைவர் சீட்டில் மட்டும் குத்திவிட்டு மற்றதை வெறுமனே மடித்துப் போட்டுவிடுகிற தாத்தா பாட்டிகள் உண்டு. மை காய்வதற்குள் தப்பாக மடித்து, அது இன்னொரு சின்னத்திலும் ஒட்டிக்கொள்வதும் உண்டு. நாலு நிறத்தில் காகிதம் வெட்டி, பேரும் சின்னமும் போடாமல், திண்ணையில் உட்கார்ந்து மடிக்கப் பழக்கிவிடுங்கள். வார்டுத் தேர்தலில் ஒன்றிரண்டு ஓட்டுகூட முடிவை மாற்றிவிடும்.

அப்புறம், இந்த மடலை எழுத வைத்த விஷயம். நம் சபையாரை மட்டும் திரட்டிக் கூட்டிப்போனால் அது ஊழியம் அல்ல, ஓட்டு வங்கி. சாதி பார்த்து ஓட்டு விழுகிற சீமை இது. சபைக்குள்ளும் அது இருக்கிறது. மூடி மறைத்துப் பயனில்லை. சபையார் கூடிச் சமைத்துப் பரிமாறுகிற அசனப் பந்தியில் யார் வந்து உட்கார்ந்தாலும் இலை போடுகிறோம் அல்லவா, அப்படித்தான் இதையும் செய்ய வேண்டும். அம்மன் கோவில் தெருவுக்கும் பள்ளிவாசல் தெருவுக்கும் போங்கள். காலனிக்கு முதலில் போங்கள். அந்தந்தத் தெருப் பிள்ளைகளையும் உடன் சேர்த்துக்கொள்ளுங்கள். நோட்டீஸில் வசனம் வேண்டாம், சங்கத்தின் பேரும் வேண்டாம். சிலருக்கு இது வருத்தமாக இருக்கலாம். நம் விசுவாசம் நம்மை அந்தத் தெரு வரை நடக்க வைத்தால் போதும்.

குருமார்களையும் கேட்டுக்கொள்கிறேன்: பிரசங்க பீடத்திலிருந்து வேட்பாளர் பேர் வரவே கூடாது. அவர் நம் சபையாராக இருந்தாலும், ஆலயக் கட்டட நிதிக்கு அள்ளிக் கொடுத்தவராக இருந்தாலும். வழிபாட்டு இடத்தைப் பிரசாரத்துக்குப் பயன்படுத்துவது தேர்தல் நடத்தை விதிகளுக்கும் விரோதம். யாருடைய வீட்டில் ஆள் நிற்கிறதோ, அந்தப் பிள்ளை இந்த வேலையிலிருந்து விலகி இருக்கட்டும். வேட்பாளர் அனுப்புகிற ஆட்டோவில் யாரையும் ஏற்றிவிடாதீர்கள்.

2021-இல் வந்தவர்களின் காலம் 2026 அக்டோபரோடு முடிகிறது. தேர்தல் தேதிக்காகக் காத்திருக்காமல் வாக்காளர் பட்டியலைக் கையில் எடுங்கள். உள்ளாட்சிக்கான பட்டியலைச் சட்டமன்றப் பட்டியலிலிருந்துதான் வார்டு வாரியாகப் பிரிக்கிறார்கள். அதில் பேர் இல்லாவிட்டால் கையில் வாக்காளர் அட்டை இருந்தும் பிரயோசனமில்லை. பதினெட்டு வயது முடிந்தவர்களுக்குப் படிவம் 6, கல்யாணமாகி ஊருக்கு வந்த மருமக்களுக்கு முகவரி மாற்றப் படிவம் 8. வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் தெருவுக்கு இரண்டு பேராகப் பிரிந்து, வீடு வீடாகப் பேர் சரிபார்க்கத் தொடங்கிவிடுங்கள்.

கர்த்தருக்குள்,
உங்கள் அண்ணன் ஒருவன்