ஆஞ்சலோ மட்டுமா குற்றவாளி?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஷேக்ஸ்பியரின் 'மெஷர் ஃபார் மெஷர்' நாடகம் பற்றி சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். டியூக் தன் இடத்தில் ஆட்சி நடத்த உட்கார வைத்த ஆஞ்சலோவை வேலியே பயிரை மேய்ந்த கதை என்று சொன்னது சரி, ஆனால் அந்த வேலியை நட்ட டியூக்கை, வியன்னாவை ஆளும் அவரை மட்டும் நீதிமான் என்று புகழ்ந்து முடித்துவிட்டாரே கட்டுரையாளர், அதை என்னால் ஏற்க முடியவில்லை.

வியன்னாவில் 14 வருடம் சட்டத்தைத் தூங்கவிட்டவர் அவர்தான். இதை வேறு யாரும் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை, அவரே ஒரு துறவியிடம் சொல்கிறார்: தப்பு என்னுடையது, இத்தனை நாள் விட்டுவிட்டு இப்போது நானே தண்டித்தால் கொடுங்கோலன் என்பார்கள், அதனால்தான் ஆஞ்சலோவை உட்கார வைத்தேன் என்று. அதாவது கெட்ட பெயர் அவனுக்கு, நல்ல பெயர் தனக்கு. அப்புறம் துறவி வேடம் போட்டுக்கொண்டு ஊரை வேவு பார்க்கிறார். ஆஞ்சலோ மரண தண்டனை விதித்த கிளாடியோ உயிரோடு இருப்பது தெரிந்தும், தம்பி செத்துவிட்டான் என்று அவனுடைய அக்கா இசபெல்லாவிடம் வாய் கூசாமல் சொல்கிறாரே, இதற்குப் பெயர் கருணையா?

தீர்ப்பையும் பாருங்கள். தம்பி உயிருக்கு விலையாக இசபெல்லாவின் உடம்பைக் கேட்டவன், கேட்டது கிடைத்துவிட்டது என்று நம்பிய பிறகும் தம்பியின் தலையை வெட்டச் சொன்னவன் ஆஞ்சலோ. அவனுக்கு மன்னிப்பு, பழைய காதலி மரியானாவோடு கல்யாணம். (வரதட்சணை கடலில் மூழ்கியதும் அவளைக் கைவிட்டவனும் இவன்தான்!) லூசியோ என்ற வாயாடி செய்த பெரிய குற்றம் டியூக்கைப் பற்றிக் கன்னாபின்னாவென்று பேசியது. சவுக்கடியும் தூக்கும் ரத்தானாலும், அவனை விடாப்பிடியாக ஒரு விலைமாதுக்குக் கட்டிவைக்கிறார், அரசனை அவதூறு பேசியவனுக்கு இது தகும் என்கிறார். அவள் குழந்தைக்கு அவன்தான் அப்பன், அது நியாயம்தான், ஆனால் கல்யாணமே தண்டனை என்றால் அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள்?

இந்த நாடகம் 1604 டிசம்பர் 26 அன்று இங்கிலாந்து அரசன் முதலாம் ஜேம்ஸின் அரண்மனையில் நடிக்கப்பட்டதாகப் பதிவு இருக்கிறது. அரசன் முன்னால் இதற்கு மேல் எப்படிச் சொல்ல முடியும் என்று நினைத்துக்கொள்வேன்.

இன்னொரு குறை. எல்போ என்ற கான்ஸ்டபிள் வரும் விசாரணையைக் கட்டுரை தொடவே இல்லை. ஊர் எப்படி அழுகியிருக்கிறது என்பது அங்கேதான் தெரிகிறது. சொல்ல வந்ததைச் சொல்லத் தெரியாத அந்த ஆள் ஏழரை வருடமாகக் கான்ஸ்டபிள், ஏனென்றால் முறை வைத்து அந்த வேலைக்கு வரவேண்டிய அக்கம்பக்கத்தார் காசு கொடுத்து அவரையே அனுப்பிவிடுகிறார்கள். ஆஞ்சலோ பொறுமையில்லாமல், எல்லாருக்கும் சவுக்கடி கொடுக்கக் காரணம் கிடைக்கட்டும் என்று எழுந்து போய்விடுகிறான். ஆஞ்சலோவுக்குத் துணையாக டியூக் வைத்த கிழவர் எஸ்கலஸ்தான் உட்கார்ந்து கேட்டு, வேறு தகுதியான ஆறேழு பேரின் பெயரைக் கொண்டு வா என்கிறார். அந்த நாடகத்தில் நிர்வாகம் என்று ஒன்று நடப்பது அந்த ஒரு இடத்தில்தான். எஸ்கலஸைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை கேட்டு வாங்கிப் போடுங்களேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்