தோளில் மூன்று நிறத் துண்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

சிட்னியில் மகளின் பட்டமளிப்பு விழாவுக்குப் போயிருந்தேன். கறுப்பு அங்கியின் மேல் ஆஸ்திரேலியப் பூர்வகுடிக் கொடியின் நிறங்களான கறுப்பு, சிவப்பு, மஞ்சளில் துண்டு போட்டுக்கொண்டு ஒரு பூர்வகுடிப் பெண் மேடையேறினாள். பின்வரிசையில் அவளுடைய பாட்டி எழுந்து நின்று கைதட்டினார், உட்காரவே இல்லை.

பூர்வகுடி உரிமைப் போராளி சார்லஸ் பெர்கின்ஸ் 1966இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றபோது, பூர்வகுடி மக்களை நாட்டின் மக்கள்தொகைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்ற சட்டப்பிரிவே இருந்தது. 1967 வாக்கெடுப்பில்தான் அது போனது.

சரி, இப்போது? ‘முதல் பூர்வகுடி மருத்துவர்’, ‘முதல் ரோட்ஸ் உதவித்தொகை’ (ஆக்ஸ்ஃபோர்டில் படிக்கத் தரப்படுவது) என்று தலைப்புப் போட்டுவிட்டு நிறுத்திவிடுகிறோம். அவர்கள் எதை ஆராய்ந்தார்கள், என்ன கண்டுபிடித்தார்கள் என்பதையும் நாலு வரி எழுதுங்களேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, சிட்னி