வெள்ளி தோண்டிய ஊர்

அன்புள்ள தாமஸ்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்கு நர்சிங் சீட் கிடைத்ததில் எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். ஃபீஸ் கட்ட வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைக்கப் போவதாக எழுதியிருக்கிறாய். அவசரப்படாதே, முதலில் கல்விக் கடன் கேட்டுப் பார். நான் இன்னும் பிராகில் மகள் வீட்டில்தான் இருக்கிறேன்.

போன வாரம் இங்கே செக் நாட்டிலேயே குத்னா ஹோரா என்ற ஊருக்குப் போய் வந்தோம். பிராகிலிருந்து கிழக்கே ரயிலில் ஒரு மணி நேரம். வெள்ளிச் சுரங்க ஊர் என்று மாப்பிள்ளை சொன்னதும், கே.ஜி.எஃப். தங்கச் சுரங்கத்தில் ஆளையும் கல்லையும் மேலே இழுக்கும் வைண்டிங் எஞ்சினை ஓட்டிய உன் ஞாபகம்தான் வந்தது.

பெரிய ஸ்டேஷன் செட்லெட்ஸ் என்ற பகுதியில் இருக்கிறது. பழைய ஊருக்கு அங்கிருந்து இன்னும் கொஞ்ச தூரம் போக வேண்டும். வருகிறவர்களில் பலர் செட்லெட்ஸ் எலும்புக் கோயிலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். 1278இல் செட்லெட்ஸில் இருந்த துறவியர் மடத்தின் தலைவர், இயேசுவைச் சிலுவையில் அறைந்த கொல்கொதா மண்ணைக் கொண்டுவந்து கல்லறைத் தோட்டத்தில் தூவினாராம். அப்புறம் அங்கேதான் புதைக்க வேண்டும் என்று ஆளாளுக்குப் போட்டி. கொள்ளைநோயும் போரும் வந்து இடம் போதாமல், பழைய எலும்புகளை எடுத்துச் சிற்றாலயத்தில் அடுக்கினார்கள். 40,000 பேருக்குக் குறையாது என்கிறார்கள். 1870இல் ஷ்வார்ட்சன்பெர்க் பிரபு குடும்பம், ரின்ட் என்ற தச்சரை வைத்து அவற்றை அலங்காரமாக்கியது. எலும்பிலேயே சரவிளக்கு, எலும்பிலேயே அந்தக் குடும்பத்தின் சின்னம், சுவரில் ரின்டின் கையெழுத்தும் எலும்பிலேயே. எனக்குப் பிடிக்கவில்லை. ஊரார் எலும்பை எடுத்து முதலாளியின் முத்திரை செய்வது என்ன பக்தியோ! போட்டோ எடுக்கத் தடை போட்டிருக்கிறார்கள். அந்த மட்டில் சரி.

ஊரின் உண்மையான கதை பூமிக்கு அடியில்தான் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே வெள்ளி கிடைத்தது. செக் நாட்டு அரசர் இரண்டாம் வாட்ஸ்லாவ் 1300இல் ஒரே மூச்சில் இரண்டு காரியம் செய்தார். இத்தாலியிலிருந்து ஆட்களை வரவழைத்து பிராக் குரோஷென் என்ற வெள்ளி நாணயத்தை அடிக்கத் தொடங்கினார். இன்னொரு இத்தாலியரின் உதவியோடு சுரங்கங்களுக்கென்றே ஒரு சட்டம் எழுதினார். ஷிஃப்டுக்கு 6 மணி நேரம் என்று அந்தச் சட்டத்தில் இருக்கிறது, தெரியுமா? எழுநூறு வருஷத்துக்கு முன்னால்! நாணயம் அடித்த இடத்துக்கு இத்தாலிய முற்றம் என்றே இன்றும் பெயர். அந்த வெள்ளியின் பலத்தில் பிராகுக்கு அடுத்த பெரிய ஊராக இது நிமிர்ந்து நின்றிருக்கிறது. 1409இல் பிராக் பல்கலைக்கழகத்தில் செக் தரப்புக்கு மூன்று ஓட்டு, மற்ற எல்லோருக்கும் சேர்த்து ஒன்று என்று நான்காம் வாட்ஸ்லாவ் ஆணை போட்டதும் இங்கிருந்துதான். கோபித்துக்கொண்டு வெளியேறிய ஜெர்மானிய ஆசிரியர்களாலும் மாணவர்களாலும்தான் ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகம் உருவானது. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குள் மதச் சண்டை முற்றி, திருச்சபையைச் சீர்திருத்தச் சொன்ன யான் ஹுஸ் என்ற பாதிரியாரைப் பின்பற்றிய ஹுஸ்ஸைட்டுகளை, இங்கிருந்த கத்தோலிக்கர்கள் உயிரோடு சுரங்கக் குழிகளில் தள்ளிக் கொன்றார்கள். அதை விவரமாக எழுத மனம் வரவில்லை.

புனித பார்பரா தேவாலயத்தை மட்டும் நீ நேரில் பார்க்க வேண்டும். பார்பரா சுரங்கத் தொழிலாளிகளின் காவல் புனிதை. செட்லெட்ஸ் மடத்தின் அதிகாரத்துக்குள் அடங்காத இடத்தில், ஊர்க்காரர்கள் தங்கள் காசில் 1388இல் தொடங்கினார்கள். வெள்ளி வந்தபோது சுவர் எழும்பியது, போர் வந்தபோது பல பத்தாண்டுகள் நின்றது. 1588இல் பணம் சுத்தமாக வற்றி, பாதியில் ஒரு தற்காலிகச் சுவரை எழுப்பி மூடிவிட்டார்கள். முழுதாக முடிந்தது 1905இல்! கூரை மூன்று கூடாரங்களை வரிசையாக நட்ட மாதிரி இருக்கிறது. உள்ளே ஒரு பக்கச் சிற்றாலயத்தில், இராட்டினத்தைச் சுற்றி மேலே இழுக்கும் ஆட்களைச் சுவரில் வரைந்திருக்கிறார்கள். தேவதைகளுக்கு வரைகிற அதே அக்கறையில் உன் தொழில்காரர்களை வரைந்து வைத்திருக்கிறார்கள். வெள்ளை அங்கி போட்ட சுரங்கத் தொழிலாளியின் சிலை ஒன்றும் நிற்கிறது.

அந்த வெள்ளை அங்கியை நானும் போட்டேன்! ஹ்ராடெக் என்ற பழைய மாளிகையில் வெள்ளி அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே அங்கி, ஹெல்மெட், விளக்கு கொடுத்து நிஜச் சுரங்கத்துக்குள் இறக்குகிறார்கள். சில இடங்களில் தோள் இரண்டு பக்கமும் உரசுகிறது, தலையைக் குனிந்தே நடக்க வேண்டும். மாப்பிள்ளை பாதியில் முகம் வெளுத்துவிட்டான், எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இருட்டில் ஆள் தெரியட்டும் என்றுதான் வெள்ளைத் துணியாம். பின்பக்கம் ஒரு தோல் துண்டைக் கட்டிக்கொண்டு சறுக்கியே கீழே இறங்குவார்களாம். வேலை முடிந்ததும் ஏணி ஏணியாக மேலே ஏற வேண்டும். ஓசெல் என்ற சுரங்கம் சுமார் 500 மீட்டர் ஆழம் போனது. கொழுப்பு எரிக்கும் சின்ன விளக்கை நம்பி அவ்வளவு ஆழம்! நம் கே.ஜி.எஃப்.பின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டரைத் தாண்டியது என்றாலும், அங்கே ஆளை ஏற்றி இறக்கும் கேஜும் காற்றும் இருந்தன.

அந்த அருங்காட்சியகத்தில், குதிரைகளைக் கட்டிச் சுற்றவைக்கும் மரத்தாலான ஏற்ற இயந்திரம் ஒன்று முழுசாக நிற்கிறது. எனக்குத் தெரிந்த அளவில் வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். வாளி பாதி வழியில் இருக்கும்போது குதிரை மிரண்டால் எதை வைத்து நிறுத்தியிருப்பார்கள்? பிரேக் மாதிரி எதுவும் என் கண்ணில் படவில்லை. படத்தைப் பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
ராஜேந்திரன்