பூங்காவை ராத்திரி வரை திறந்து வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மன அழுத்தம் குறைய தியானம் செய்யுங்கள், நல்லதையே நினையுங்கள் என்று அறிவுரை நிறைய வருகிறது, சரி, ஆனால் நாள் முழுக்க கவுன்ட்டரில் உட்கார்ந்து திட்டு வாங்கிவிட்டு வருகிறவருக்கு முதலில் தேவை கை காலை வீசி நடக்க ஓர் இடம். பதற்றத்தில் அட்ரினலின், கார்டிசால் என்கிற ஹார்மோன்கள் எல்லாம் சுரந்து உடம்பு ஓடத் தயாராகிவிடுகிறது. நாமோ நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை. அப்புறம் தோள்பட்டை இறுகுகிறது, தூக்கமும் போகிறது. அரை மணி நேரம் வேர்க்க வேர்க்க நடந்தால் அந்த இறுக்கம் தளர்வதை அனுபவத்தில் பார்க்கிறேன், அன்றைக்குப் பிள்ளைகள் மேல் எரிந்து விழுவதும் இல்லை.

வாரம் 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2023 நவம்பரில் தமிழக அரசு மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைத் திட்டத்தைத் தொடங்கியது, நல்ல காரியம். ஆனால் தினமும் பஸ் ஏறிப் போயா நடக்க முடியும்? எங்கள் பகுதிப் பூங்காவை நாங்கள் வேலை முடிந்து வருவதற்குள் பூட்டிவிடுகிறார்கள். தெருவிளக்கு பாதி எரியாததால் பெண்கள் ரோட்டில் நடக்கத் தயங்கி மொட்டை மாடியிலேயே சுற்றுகிறோம். பக்கத்திலேயே அரசுப் பள்ளி மைதானம் மாலையில் காலியாகக் கிடக்கிறது.

பூங்காவை ராத்திரி பத்து மணி வரை திறந்து வையுங்கள், மைதானத்தில் நாலு விளக்கு போட்டு ஒரு காவலரையும் நிறுத்துங்கள். மாநகராட்சி மனசு வைத்தால் இந்த மாதமே செய்யலாம்.

இப்படிக்கு,
வாசகி, மதுரை